மருதமுனைச் சாரனும் பதிவில் ஏறாத கைகளும்

இலங்கை முஸ்லிம்களின் உடை வரலாறு என்று பேச்செடுத்தால் எல்லோர் நாவிலும் முதலில் வருவது தொப்பிக் கதைதான். 1905ஆம் ஆண்டு சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றக் கூடாதென்று தடுக்கப்பட்டார். சமூகம் கொதித்தெழுந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31இல் மருதானையில் பெருங்கூட்டம் கூடியது. எங்கள் அரசியல் விழிப்பின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்லுவதில் பிழையேதுமில்லை. நானும் மாணவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் தலையிலே தொப்பியும் இடுப்பிலே சாரனுமாகத்தானே போயிருப்பார்கள்? தொப்பி கடல் கடந்து கடைக்கு வந்த பொருள். அதற்கு ஒரு சட்டத்தரணி இருந்தார், பத்திரிகை இருந்தது, கூட்டம் போட இடம் இருந்தது. சாரனை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை. அதனாலேயே அதைப் பற்றி யாரும் எழுதவுமில்லை. தடை செய்யப்பட்டதற்கு மட்டுந்தான் வரலாறு உண்டு போலும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாங்கள் எங்களை ‘வணிக சமூகம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் பற்றி எழுதிய கட்டுரையும், அதற்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதிய நூலும் எங்கள் அறிவாளிகளின் பார்வையை நெடுங்காலம் ஒரே கேள்வியில் கட்டிப்போட்டன: நாங்கள் எங்கிருந்து வந்தோம்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் கப்பலும் சரக்கும் துறைமுகமும்தான் கண்ணுக்குத் தெரியும். வீட்டு வளவுக்குள் என்ன நடந்ததென்று தெரியாது.

பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் எழுதிய ஒரு கடிதம் 1827இல் லண்டன் றோயல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. எங்கள் வரலாற்று நூல்கள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்கின்றன. பேருவளையில் வாழ்ந்த ஒரு பெரிய முஸ்லிம் வணிகர் எதிர்க்கரையிலிருந்து துணி நெய்வோரை முதன்முதலாக இலங்கைக்குக் கொண்டுவந்து குடியேற்றினார். அதற்காக அரசன் அவருக்கும் அவர் சந்ததியாருக்கும் செப்பேட்டில் உரிமைகள் எழுதிக் கொடுத்தான். அந்தச் சந்ததியினர் ஆங்கிலேயர் காலத்திலும் அவற்றில் ஒரு பங்கை அனுபவித்தனர். இதுதான் ஜோன்ஸ்டன் சொல்லும் செய்தி. பெருமையோடு இதை மேற்கோள் காட்டுகிறோம். நான் அதை வாசிக்கும்போதெல்லாம் ஒரு விசயம் உறுத்தும். கொண்டுவந்தவருக்குச் செப்பேடு. வந்து உட்கார்ந்து நெய்தவருக்கு அந்தக் கடிதத்திலே ஒரு பெயர் கூட இல்லை. எங்கள் எழுத்தும் அதே வழியில்தான் போயிருக்கிறது. புடவை விற்றவர்களைப் பற்றி எழுதினோம், நெய்தவர்களை விட்டுவிட்டோம். நெய்தவர்களிலும் பெண்களை இரண்டாம் தடவையும் விட்டுவிட்டோம்.

சாரன் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். அது மலாய் மொழிச் சொல். ‘சாருங்’ என்றால் உறை, கூடு என்று பொருள். வாளுக்கு உறை போல உடம்புக்கு உறை. ஒல்லாந்தர் காலத்தில் யாவா பக்கமிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட மலாய் மக்களோடு இந்த உடுப்புப் பழக்கத்துக்கும் சொல்லுக்கும் தொடர்புண்டு. அந்த உறைக்குரிய கட்டம் போட்ட துணியோ எங்கள் பக்கத்துக் கரையிலிருந்து போனது. சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு, சுற்றுவட்டார நெசவாளரிடம் துணி வாங்கிக் கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றினார்கள். அங்கே வாசனைத் திரவியம் வாங்கக் காசை விடத் துணிதான் செல்லுபடியானது. மலாயில் இன்றைக்கும் கட்டம் போட்ட சாரனுக்கு ‘பெலிக்காட்’ என்று பெயர். இந்தோனேசியாவில் ‘பலேகாட்’. நாங்கள் கடையில் போய் ‘பளையகாட் சாரன் ஒண்டு தாங்க’ என்று கேட்கிறோமே, அதுவும் இதே பழவேற்காடுதான். ஊர்ப் பெயர் கடல் கடந்து துணிப் பெயராகித் திரும்பி எங்கள் வாய்க்கு வந்திருக்கிறது. துணி சோழமண்டலக் கரையுடையது, உடுப்பின் பெயர் மலாயுடையது, உடுத்தது நாங்கள். தூய்மை பேசுவோருக்கு இது சங்கடமான உடுப்புத்தான்.

இந்தக் கட்டச் சாரனை வாங்கி உடுத்ததோடு நில்லாமல் நெய்தும் காட்டிய ஊர் மருதமுனை. கல்முனைக்கு வடக்கே, கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் ஊர். புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் போன்ற புலவர்களாலும் எழுத்தாளர்களாலும் இலக்கியவாதிகளுக்குத் தெரிந்த ஊர். மற்ற எல்லோருக்கும் சாரனால் தெரிந்த ஊர். நான் மருதமுனையில் பிறந்தவளல்ல, பக்கத்து ஊர்க்காரி. எங்கள் ஊரில் பன் பாய் இழைப்பார்கள். சதுப்பில் வெட்டிய பன்னை வெயிலில் காயவைத்து, கிழித்து, சாயத்தில் அவித்து, நிலத்தில் குந்தியிருந்து தறியில்லாமலே விரலால் இழைப்பது பாய். அதனாலோ என்னவோ, பெண்கள் குந்தியிருந்து ஏதாவது செய்துகொண்டிருந்தால் அது என்னவென்று பார்க்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பாய்க்குப் போட்டியாக பிளாஸ்டிக் பாய் வந்த கதையை வேறொரு தடவை எழுத வேண்டும்.

தறி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது நாடா அங்குமிங்கும் ஓடுவதும், குழிக்குள்ளே காலை விட்டு மிதியை மிதித்தபடி ஒரு ஆள் இருப்பதும்தான். படம் எடுக்க வருவோரும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்த ஆள் அங்கே வந்து உட்காருவதற்கு முன்பே வேலையில் பெரும்பங்கு முடிந்திருக்கும். நூல் சிட்டமாக வரும். அதை ஊறவைத்து, சாயம் காய்ச்சி, தோய்த்து, அலசி, காயப்போட வேண்டும். சாயக் கிடாரத்தோடு ஆண்கள்தான் பெரும்பாலும் நிற்பார்கள். பிறகு பாவு நூலுக்கு சோற்றுக் கஞ்சி போட்டு உலர்த்த வேண்டும். கஞ்சி ஏறாத நூல் தறியில் உரசி மயிர் கிளம்பி அறுந்துவிடும். மாரியில் கஞ்சி போட்டது காயாது, புளித்து நாறும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எல்லாம் மளமளவென்று காயும். ஆனால் தறியிலே இழை வறண்டு பொட்டுப் பொட்டென்று அறும். ஆக, எந்த நாளில் கஞ்சி போடலாம், எந்த நேரம் தறிக்குக் கீழே தண்ணீர் தெளிக்கலாம் என்பதெல்லாம் வானத்தைப் பார்த்து எடுக்கும் முடிவுகள்.

அதன் பிறகு சிட்டத்திலிருந்து நூலைப் பிரித்து ராட்டையில் சுற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். நிறத்தை எண்ணி எண்ணி ஓட்டினால்தான் கட்டம் வரும். ஒவ்வொரு இழையையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் கோத்தெடுக்க வேண்டும். பழைய பாவு முடிந்து அதே கணக்கில் புதிய பாவு ஏறுகிறதென்றால் திரும்பக் கோக்கத் தேவையில்லை. பழைய இழை நுனியோடு புதிய இழை நுனியைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்கலாம். ஆனால் எத்தனை இழையோ அத்தனை பிணைப்பு. நெய்யத் தொடங்கிய பிறகும் தறி கேட்டுக்கொண்டேயிருக்கும்: தார், தார், இன்னும் தார். நாடாவுக்குள் வைக்கிற அந்தச் சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றிக் கொடுக்க ஒரு கை எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். சுற்றுவது, எண்ணுவது, கோப்பது, பிணைப்பது, தார் போடுவது, கடைசியில் சாரன் மூட்டுவது ஆகிய இவ்வளவும் பெண்களும் பிள்ளைகளும் செய்தது. நெய்யவும் செய்தார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாரன் ஒன்று 2 யார் நீளம், 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 60 இழை என்று வைத்துக்கொள்வோம். பாவில் 2,880 இழை. ஊடையில், அதாவது நாடா குறுக்கே ஓடும் தடவைகள், 4,320. பாவு நூல் 5,760 யார், ஊடை நூல் 5,760 யார். மொத்தம் 11,520 யார். பத்தரை கிலோமீற்றருக்கும் மேல். மருதமுனையிலிருந்து கல்முனை பஸ் நிலையத்துக்குப் போய்த் திரும்பி வந்தாலும் நூல் மிச்சமிருக்கும். ஒரு சாரனுக்கு இவ்வளவு. அந்த நூலில் நாடா தொட்ட யாரெல்லாம் அதற்கு முன்பு ஒரு பெண்ணின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் ஓடி வந்தவை. என் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கை நம்பவில்லை. கணித ஆசிரியரிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்துக்கொண்டு வந்த பிறகுதான் நம்பினார்கள்.

அந்தப் பிள்ளைகளால்தான் இந்தக் கட்டுரையும் வந்தது. பாடசாலையில் ஒரு பண்பாட்டுக் கண்காட்சி வைத்தபோது, பழைய காலத்து முஸ்லிம் குடும்பமொன்றின் உடுப்புகளை நாங்களே வீட்டில் செய்து வைப்பதென்று தீர்மானித்தோம். வழக்கமாக இந்த மாதிரிக் கண்காட்சிகளில் கடையில் வாங்கிய பளபளப்பான துணியை வெட்டி, ஜரிகை ஒட்டி, ‘பண்டைய உடை’ என்று அட்டை எழுதி வைப்பதுதான் நடக்கும். அதிலே எனக்கு உடன்பாடில்லை. துணியைப் பொய்யாக வைத்துவிட்டு உடையை மட்டும் உண்மை என்றால் எப்படி? ஒரு வீட்டுப் பெட்டகத்திலிருந்து பழைய மருதமுனைச் சாரன் ஒன்று கிடைத்தது. அதன் கட்டத்தை எண்ணி எழுதி, அதே கட்டத்தில் ஒரு சாண் துணியாவது நெய்துவிடுவதென்று இறங்கினோம். நாலு மரச் சட்டத்தில் ஆணியடித்து ஒரு சிறு தறிச் சட்டம் செய்தோம். பூதக்கண்ணாடியும் தையல் ஊசியும் எடுத்துக்கொண்டு இழைகளை எண்ண உட்கார்ந்தோம்.

இரண்டாம் நாள் ஒரு மாணவியின் வீட்டுத் திண்ணையில் எண்ணிக்கொண்டிருந்தபோது, எண்பதைத் தாண்டிய அவளுடைய மூத்தம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன மகள், சாரனுக்கு வைத்தியமா பாக்கிறீங்க?”

விசயத்தைச் சொன்னோம். அவர் துணியைக் கையில் வாங்கினார். கண் பார்வை மங்கல். துணியைக் கண்ணுக்கருகே கொண்டுபோகவேயில்லை. பெருவிரலால் நீவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இந்தா, இவடத்தில சாய நூல் மாறியிருக்கு. அந்தச் சிட்டம் முடிஞ்சி வேற சிட்டத்துல தார் போட்டிருக்காங்க. பாருங்க, நீலம் ஒண்டு கூடவா இருக்கும்.”

வெயிலில் பிடித்துப் பார்த்தோம். நீலம் அங்கிருந்து ஒரு துளி அடர்த்தியாகத்தான் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, கூடச் சாயம் குடித்த நூல் கையிலே கரகரக்கும் என்றார். விரல் இன்னும் ஓடியது. மறுபடி நின்றது.

“இவடத்தில கை மாறியிருக்கு.”

“கை மாறினதென்றால்?”

“நெஞ்ச ஆள் வேற மகள். அங்கால அடி இறுக்கம். இவடம் லேசு. ஒரு சாண் போய் திரும்ப இறுகுது பாருங்க. அவர் எழும்பிப் போயிருக்கார், இவ இருந்து நெஞ்சிருக்கா. அஸருக்கு எழும்பினா ஆம்புளைகள் மஃரிப் முடிச்சித்தானே வாற. தறி சும்மா கிடக்கவா? பொம்புளைகள் இருந்து அடிக்கிறதான்.”

பிள்ளைகள் உடனே ஊசியை எடுத்து எண்ணினார்கள். இரண்டு பகுதிக்கும் அங்குலத்துக்கு ஆறேழு ஊடை வித்தியாசம் இருந்தது. ஒரு சாணுக்கு லேசு, பிறகு இறுக்கம். ஒரு பின்னேரம் துணிக்குள்ளே அப்படியே கிடந்தது. கடையில் அந்தச் சாரன் ஒரு ஆணின் பெயரால் விலைப்பட்டிருக்கும். நெய்தவர் யாரென்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். துணி வேறு கதை சொல்லுகிறது.

தமிழ் சிறப்புக் கற்கையில் நன்னூல் படித்தவர்களுக்கு ஒரு விசயம் நினைவிருக்கும். புத்தகத்தை ஏன் ‘நூல்’ என்கிறோம் என்பதற்கு அது ஒரு விளக்கம் தருகிறது. சொல் பஞ்சாகவும், புலவனின் வாயும் அறிவும் கையும் கதிருமாகவும், புலவன் நூற்கிற பெண்ணாகவும் உருவகிக்கப்படும் இடம் அது. பரீட்சைக்கு நாங்கள் அதை மனனம் செய்தோம், உருவக அணி என்று எழுதினோம், புள்ளி வாங்கினோம். நூற்கிற ஆளாகப் பெண்ணைத்தான் பவணந்தியார் வைத்திருக்கிறார் என்பதில் யாரும் தங்கவில்லை. சங்கப் பாடல்களிலும் நூல் நூற்பவள் பெண். நற்றிணை ஆண்துணையற்ற பெண்கள் நூற்கும் மெல்லிய நூலைப் பற்றிப் பேசுகிறது. ‘பா’ என்றால் செய்யுள். தறியில் நெட்டிழையும் ‘பா’தான். புலவர்களுக்குப் பேர்போன ஊரும் நெசவுக்குப் பேர்போன ஊரும் ஒன்றாக இருப்பதைப் பற்றி மேடைகளில் அழகாகப் பேசுவார்கள். ஒரு பாவுக்குக் கவியரங்கும் பொன்னாடையும் உண்டு. மற்றப் பாவைப் பிணைத்தவர்களை மேடைக்கு அழைத்ததை நான் கண்டதில்லை.

தறி எங்கே இருந்தது என்ற கேள்விக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. கிழக்கிலே கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் பெண்ணுக்கு எழுதப்படுகின்றன. தாய் இருந்த வளவைப் பிரித்து மகள்மாருக்கு அடுத்தடுத்து வீடு கட்டுவார்கள். அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தாய்வழிக் குடி முறையையும் இந்த வீட்டு வழக்கத்தையும் கிழக்கின் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான ஒன்றாக விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய பெரிய நூல் 2008இல் வந்தது. சீதனத்தை நியாயப்படுத்துவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வீடு கட்டிக் கொடுத்துக் கடனாளியான வாப்பாமாரையும் காக்காமாரையும் எனக்குத் தெரியும். ஆனால் நெசவைப் பொறுத்தவரை இதன் விளைவு என்ன? தறி நின்றது பெண்ணுடைய வளவில். குழி தோண்டியது அவளுடைய நிலத்தில். பாவு ஓட்ட நீளமான இடம் வேண்டுமே, அது அவளும் அவளுடைய தாத்தா தங்கச்சிமாரும் பகிர்ந்துகொண்ட முற்றம். தார் போட்டவள் தங்கச்சி, பாவு பிணைக்க வந்தவள் சாச்சி, எண்ணிக்கை சொன்னவள் மூத்தம்மா. கூலிக்கு ஆள் பிடித்தால் கட்டுப்படியாகாத வேலையை ஒரு வளவுக்குள் இருந்த பெண்கள் பகிர்ந்து செய்தார்கள். நெசவாளி என்று பதியப்பட்ட ஆண் அந்த வளவுக்குக் கலியாணம் முடித்து வந்தவர். தொழில் அவருடையதென்றால் தொழிற்சாலை அவளுடையது என்று சொல்லுவேன்.

நெசவின் ஏற்ற இறக்கத்தை அரசியல் பொருளாதாரம் படித்தவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலக யுத்தத்தில் இறக்குமதிப் புடவை தட்டுப்பட்டபோது நாட்டில் கைத்தறிக்கு உயிர் வந்தது. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் கைத்தறியின் நல்ல காலம். பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு அது கெட்ட காலமாக இருந்திருக்கலாம். தறிக்காரரைக் கேட்டால் கண் மின்னும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மலிவுத் துணி வந்து குவிந்தது. நாடெங்கும் நெசவு நிலையங்கள் இழுத்து மூடப்பட்டன. மருதமுனைத் தறிகளும் அடி வாங்கின, ஆனால் முற்றாகச் சாகவில்லை. ஏன்? வளவுக்குள் இருந்த பெண்களின் வேலைக்குக் கூலி என்று எதுவும் கணக்கில் ஏறவில்லை. அதனால் சாரனின் விலையைக் கீழே இறக்க முடிந்தது. சம்பளம் கொடுத்து நடந்த நிலையங்கள் மூடின. சம்பளமில்லாத கைகளால் நடந்த தறிகள் நின்றுபிடித்தன. இதைப் பெருமையாகச் சொல்லவா, வருத்தமாகச் சொல்லவா? அந்த மூத்தம்மாவிடமே கேட்டேன். “நாங்க கூலி கேட்டா யாரு தாற? எங்கட புள்ளைகள்ற சோறுதானே” என்றார்.

யுத்த காலத்தில் நூல் வருவதும் சாரன் போவதும் பாதையைப் பொறுத்ததாயிற்று. அதையும் தாண்டி வந்தார்கள். பிறகு 2004 டிசம்பர் 26. கடற்கரையோடு ஒட்டியிருந்த வளவுகள் தறியோடும் குழியோடும் ஆட்களோடும் போயின. மௌத்தானவர்களை எண்ணிய ஊரில் தறிகளை எண்ணிப் பேசுவது மனதுக்கு ஒப்பாது. ஆனாலும் சொல்லியாக வேண்டிய ஒன்றுண்டு. கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்று முதலில் அறிவித்தார்கள். மக்கள் வேறிடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. புதிய வீடுகளும் காணிகளும் வழங்கப்பட்டபோது படிவத்தில் இருந்த கேள்வி: குடும்பத் தலைவர் யார்? பரம்பரையாகப் பெண் பெயரில் இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு பல இடங்களில் ஆண் பெயரில் எழுதப்பட்டது. கிழக்கின் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் அப்போதே இதைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் பேசியது சொத்துரிமை பற்றி. நெசவுக்கு நேர்ந்ததையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தாத்தா ஒரு திட்டத்தில், தங்கச்சி இன்னொரு திட்டத்தில், சாச்சி வாடகை வீட்டில். தறி கொடுக்க நிறுவனங்கள் வந்தன, கொடுத்தன. ஆனால் தறியைச் சுற்றியிருந்த வளவை யாராலும் கொடுக்க முடியவில்லை. பாவு ஓட்ட இடமில்லாத முற்றத்தில், தார் போட ஆளில்லாத வீட்டில், புதிய தறியின் மேல் உடுப்புக் காயப்போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கும் மருதமுனையில் தறிச் சத்தம் கேட்கிறது. சாரன் மட்டுமல்ல, கட்டில் விரிப்பு, சேலை என்று பலதும் நெய்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து தேடி வாங்குகிறார்கள். இளைய பெண்கள் சிலர் நிறங்களைப் புதிதாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அழிந்துபோன தொழில் என்று ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. அழிந்துகொண்டிருப்பது வேறொன்று. பழைய கட்டங்களின் கணக்கு. எந்த நிறம் எத்தனை இழை, எங்கே ஒற்றை இழை போட வேண்டும், தலைப்புக்கு எத்தனை, கரைக்கு எத்தனை என்பதெல்லாம் கடதாசியில் இருக்கவில்லை. வாயிலே இருந்தது. மூத்தம்மா சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். ‘வெள்ள நாலு, நீலம் ரெண்டு, வெள்ள நாலு, செவப்பு ஒண்டு’ என்று ராகத்தோடு சொல்லிக்கொண்டே போவார். இடையில் நிறுத்திவிட்டால் தொடர முடியாது, தலையிலிருந்து தொடங்க வேண்டும். ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த முறை புதிதாக இருக்கவில்லை. எட்டுக் கட்டங்கள் எழுதி முடித்தோம். இன்னும் இருக்கிறது, நினைவு வரும்போது சொல்லியனுப்புகிறேன் என்றிருக்கிறார்.

எங்கள் சட்டத் தறியில் ஒரு சாண் துணி நெய்து முடிக்க, பாடசாலை விட்ட பின் தினமும் வேலை செய்து மூன்று கிழமை பிடித்தது. ஓரம் கோணல், கட்டம் சில இடங்களில் நீள்சதுரம். கண்காட்சியில் பழைய சாரனுக்குப் பக்கத்தில் அதை வைத்து, எண்ணிக்கையை எழுதித் தொங்கவிட்டோம். அதைப் பார்க்க வந்த தாய்மார் அதிக நேரம் நின்றார்கள். ஒருவர் தன் மகளுக்குப் பாவு பிணைக்கும் விதத்தை அங்கேயே, சேலைத் தொங்கலில் இரண்டு நூலை உருவியெடுத்துக் காட்டினார். அதே தாயின் பெயர் எங்கள் மாணவர் பதிவேட்டில் இருக்கிறது. தந்தையின் தொழில்: நெசவு. தாயின் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு. வருடா வருடம் அனுமதி நேரத்தில் தாய்மாரைக் கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: “தொழில் ஒண்டுமில்ல டீச்சர், வீட்டுலதான்.” இந்த வருடம் தாய்மாரிடம் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: வீட்டில் தறி இருக்கிறதா, தார் யார் போடுகிறார்? பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்துக்குள் எழுத மேலிடத்தின் அனுமதி வேண்டுமாம்.

இந்த இதழை வாசிப்போர் வீடுகளில் பழைய சாரன் இருந்தால் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு ஏணை கட்டவும் வீடு துடைக்கவும் எடுப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மூட்டுத் தையலைப் பிரிக்க வேண்டாம். அதன் இரு பக்கமும்தான் பாவின் தொடக்கமும் முடிவும் தெரியும். கரையிலிருந்து தொடங்கி ஒரு கட்டம் முழுவதையும், பாவில் ஒரு தடவை, ஊடையில் ஒரு தடவை, நிறவாரியாக எண்ணி எழுதுங்கள். யார் நெய்தது, எந்த வளவில், யார் தார் போட்டது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு அதன் கீழே எழுதுங்கள். துணி தடித்தும் மெலிந்தும் போகும் இடமிருந்தால் அதையும் குறியுங்கள். எண்ணும்போது ஒருவர் ஊசியால் தள்ளித் தள்ளிச் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். தனியே இருந்து எண்ணினால் நூறு தாண்டியதும் கணக்குத் தவறிப்போகும்.